வலுவான தொடக்கக் கைகளுக்கென்றே ஒரு போக்கர் பயிற்சிச் செயலி: மதிப்புரை

டெக்சஸ் ஹோல்டம் ஆட்டத்தில் முதல் இரண்டு சீட்டுகள் வந்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தரும் செயலிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பெரும்பாலானவை 169 வகைத் தொடக்கக் கைகளையும் ஒரே வண்ணக் கட்டத்தில் அடைத்து, எந்த இருக்கையில் அமர்ந்திருக்கும்போது எதை ஆடலாம், எதை வீசிவிடலாம் என்று மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. இங்கே நான் மதிப்பிடும் செயலி அந்த வழியில் போகவில்லை. ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி, ஜாக் ஜோடி, ஏஸ்-கிங் என்னும் ஐந்து கைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றை ஆடும் விதத்தைக் காணொளிப் பாடங்கள், பயிற்சிக் கேள்விகள், வெற்றி வாய்ப்பைக் கணக்கிடும் கருவி என்ற மூன்று பகுதிகளில் சொல்லித்தருகிறது. குறைகளையும் சற்று விரிவாகவே பேச வேண்டியிருப்பதால் செயலியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே அமைப்பில் வேறு செயலிகளும் கிடைப்பதால், பெயர் தெரியாவிட்டாலும் எதைப் பார்த்து வாங்குவது என்று முடிவெடுக்க இந்த மதிப்புரை உதவும் என்று நம்புகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் சீட்டுகளின் அழகில் மயங்காமல், எதிராளியிடம் என்னென்ன கைகள் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை இந்தச் செயலி நன்றாகவே ஊட்டுகிறது. ஆனால் ஃப்ளாப் (மேசையில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டுகள்) விழுந்த பிறகு அந்தப் பழக்கத்தைத் தானே பாதியில் கைவிட்டுவிடுகிறது.

ஐந்து கைகளுக்கு மட்டும் ஒரு முழுப் பாடத்திட்டமா என்று தோன்றலாம். 52 சீட்டுகளிலிருந்து இரண்டை எடுக்க 1326 வழிகள் உள்ளன. ஒரு குறிப்பிட்ட ஜோடி அவற்றில் 6 வழிகளில் மட்டுமே அமையும். ஆகவே ஏஸ் ஜோடி 221 ஆட்டங்களுக்கு ஒருமுறைதான் வரும். நான்கு பெரிய ஜோடிகளுக்கு 24 வழிகள், ஏஸ்-கிங்குக்கு 16 வழிகள் என்று கூட்டினால் 40 ஆகிறது. சுமார் 33 ஆட்டங்களுக்கு ஒருமுறை இந்த ஐந்தில் ஏதோ ஒன்று கைக்கு வரும் என்று பொருள். இவ்வளவு அரிதாக வந்தாலும், பெரிய பாட்டுகள் (நடுவில் சேரும் பந்தயத் தொகைகள்) உருவாவது பெரும்பாலும் இவற்றைச் சுற்றித்தான். அரிதாக வருவதாலேயே ஆடுபவருக்கு இவற்றில் அனுபவம் குறைவாகவும் எதிர்பார்ப்பு அதிகமாகவும் இருக்கும். ஆகவே இந்த ஐந்தோடு நிறுத்திக்கொண்டது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

முதல் பாடம் ஏஸ் ஜோடியைப் பற்றியது. எழுப்பி (பந்தயத்தை உயர்த்தி) ஆடுங்கள், வெறும் பிளைண்டை (சீட்டு வருமுன்பே இருவர் வைக்க வேண்டிய கட்டாயத் தொகை; சிறியது பெரியதில் பாதி) மட்டும் கட்டிப் பதுங்கியிருக்காதீர்கள் என்று அது சொல்வதில் எனக்கு மாறுபாடில்லை. அதற்கு அது தரும் காரணத்தில்தான் கோளாறு இருக்கிறது. எந்த இரண்டு சீட்டுகளோடும் வரும் ஒரே ஓர் எதிராளிக்கு எதிராக ஏஸ் ஜோடி கடைசி வரை நின்றால் சுமார் 85 சதவீதம் வெல்லும். எதிராளிகள் இருவரானால் அது 73 சதவீதமாகவும், மூவரானால் 64 சதவீதமாகவும், ஐவரானால் ஏறத்தாழ 49 சதவீதமாகவும், ஒன்பது பேரானால் 31 சதவீதமாகவும் இறங்குகிறது. இந்த எண்களை ஒரு வரைபடத்தில் சரியவிட்டு, "ஆகவே ஆட்களைக் குறைப்பதே உங்கள் வேலை" என்று பாடம் முடிக்கிறது. எண்கள் சரியானவை, அவற்றிலிருந்து எடுத்த முடிவு தவறானது. ஒவ்வொருவரும் 100 சிப்களை முதலிலேயே நடுவில் வைத்துவிட்டதாகக் கொள்வோம். ஒருவரை எதிர்த்தால் 200 சிப்களில் 85 சதவீதம், அதாவது 170 நம் பங்கு. நிகர ஆதாயம் 70. ஒன்பது பேரை எதிர்த்தால் 1000 சிப்களில் 31 சதவீதம், அதாவது 310 நம் பங்கு. நிகர ஆதாயம் 210. வெல்லும் தடவைகள் குறைந்தபோதும் ஆதாயம் மூன்று மடங்காகிறது. ஆட்களை விரட்டினால் நமக்குத்தான் நட்டம்.

அப்படியானால் எதற்காக எழுப்ப வேண்டும்? பலவீனமான கையோடு தொடர விரும்புபவர் அதற்குரிய விலையைக் கட்ட வேண்டும்; பாட் தொடக்கத்திலேயே பெருக வேண்டும்; ஃப்ளாப்புக்குப் பிறகு எதிராளியின் கைகளை ஊகிக்கக்கூடிய நிலை இருக்க வேண்டும். மேற்சொன்ன கணக்கு எல்லோரும் எல்லாவற்றையும் முன்பே கட்டிவிட்ட நிலைக்கு மட்டுமே பொருந்தும். உண்மையான மேசையில் இன்னும் மூன்று சுற்றுப் பந்தயங்கள் பாக்கியிருக்கின்றன. ஐந்து பேர் சில்லறைக்கு ஃப்ளாப் பார்த்துவிட்டால், அதில் யாருக்கு என்ன பொருந்தியது என்று தெரியாமல் ஒற்றை ஜோடியோடு நிற்க வேண்டியிருக்கும். எழுப்புவதற்கு இவையே காரணங்கள். ஆட்டக்காரர் இவற்றைப் புரிந்துகொள்ளாமல் பயத்தினால் மட்டும் எழுப்பக் கற்றுக்கொண்டால், அளவுக்கு மீறி எழுப்பி எல்லோரையும் துரத்திவிட்டு, ஒன்றரை பிளைண்டைக் கையில் வாங்கிக்கொண்டு திருப்திப்படுவார். தொடக்க நிலை மேசைகளில் இந்தக் காட்சியை நிறையவே பார்க்கலாம். பணம் வாங்கிக் கற்பிக்கும் ஒரு செயலி முதல் பாடத்திலேயே இதைத் தெளிவுபடுத்தியிருக்க வேண்டும்.

கிங் ஜோடியைப் பற்றிய பாடத்தில் செயலி தன் நிலைக்குத் திரும்புகிறது. கிங் ஜோடி வந்தவுடனே "எதிரே ஏஸ் ஜோடி இருந்தால்?" என்ற அச்சம் பலருக்கும் எழும். நம்மிடம் இரண்டு கிங்குகள் இருக்கும்போது, ஒரு குறிப்பிட்ட எதிராளியிடம் ஏஸ் ஜோடி இருக்கும் வாய்ப்பு 204இல் 1 என்றும், ஒன்பது பேர் மேசையில் மற்ற எட்டுப் பேரில் எவரிடமாவது அது இருக்கும் வாய்ப்பு சுமார் 4 சதவீதம் என்றும் பாடம் படிப்படியாகக் கணக்கிட்டுக் காட்டுகிறது. எதிரே உண்மையில் ஏஸ் ஜோடியே இருந்தால் நாம் வெல்வது சுமார் 18 சதவீதம்தான் என்பதையும் மறைக்கவில்லை. அந்த அரிய நிகழ்வுக்குப் பயந்து மற்ற எல்லா நேரங்களிலும் வரக்கூடிய ஆதாயத்தை இழக்க வேண்டாம் என்ற அறிவுரை இங்கே ஆதாரத்தோடு வருகிறது. ஃப்ளாப்பில் குறைந்தது ஓர் ஏஸாவது விழும் வாய்ப்பு 22.6 சதவீதம் என்பதையும் சேர்த்துச் சொல்லி, அப்படி விழுந்தால் உடனே கையை வீசிவிடாமல் சிறிய பந்தயம் கட்டியோ பந்தயம் கட்டாமல் விட்டோ நிலைமையை அறியும் வழிகளை விளக்குகிறார்கள். அந்தப் பகுதி சுருக்கமானது, இருந்தாலும் போதுமானது.

குயின் ஜோடிக்கான பாடத்தில்தான் எதிராளியின் கைகளைத் தொகுதியாக எண்ணும் முறை அறிமுகமாகிறது. எதிராளி ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, ஏஸ்-கிங் ஆகியவற்றோடு மட்டுமே தன் முழு ஸ்டாக்கையும் (கைவசமுள்ள எல்லாச் சிப்களையும்) வைப்பவர் என்றால், ஜோடிகளுக்கு 12 வழிகள், ஏஸ்-கிங்குக்கு 16 வழிகள். முதல் தொகுதிக்கு எதிராகக் குயின் ஜோடி ஐந்தில் ஒரு முறைகூட வெல்வதில்லை. இரண்டாவதற்கு எதிராகப் பாதிக்குச் சற்று மேல் வெல்கிறது. மொத்தத்தில் சுமார் 40 சதவீதம். அதே எதிராளி ஜாக் ஜோடியையும் பத்து ஜோடியையும் சேர்த்துக்கொள்பவர் என்றால், குயின் ஜோடியின் நிலை 50 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. சீட்டுகள் மாறவில்லை; எதிரே இருப்பவரைப் பற்றிய நம் மதிப்பீடு மட்டுமே மாறியிருக்கிறது. செயலியின் கணக்குக் கருவியைத் திறந்து, எதிராளியின் கைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தும் நீக்கியும் பார்க்கும்படி பாடம் நம்மைப் பணிக்கிறது. அந்த ஒரு பயிற்சியில் ஆட்டத்தைப் பற்றிக் கிடைக்கும் தெளிவு, மற்ற செயலிகளின் நூறு வண்ணக் கட்டங்களிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

செயலியின் உச்சம் ஏஸ்-கிங் பாடம். இந்தக் கை வலுவானது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது இன்னும் ஜோடியாகாத கை என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஃப்ளாப்பில் ஓர் ஏஸோ கிங்கோ விழுவது மூன்றில் ஒரு முறைதான். வெவ்வேறு சின்னங்களைச் சேர்ந்த ஏஸ்-கிங், குயின் ஜோடிக்கு எதிராகச் சுமார் 43 சதவீதமும், ஒரே சின்னத்தைச் சேர்ந்ததானால் 46 சதவீதமும் வெல்லும். அப்படியிருந்தும் அது ஏன் முன்னிலைக் கைகளில் ஒன்று? நம்மிடம் ஓர் ஏஸும் ஒரு கிங்கும் இருப்பதால், எதிராளியிடம் ஏஸ் ஜோடி இருக்கக்கூடிய 6 வழிகள் 3 ஆகக் குறைகின்றன. கிங் ஜோடியும் அப்படியே. நாம் அஞ்ச வேண்டிய கைகளில் பாதியை நம் கையே அழித்துவிடுகிறது.

இதை வைத்துப் பாடம் முன்வைக்கும் எடுத்துக்காட்டை, எண்களைச் சற்று எளிதாக்கி இங்கே தருகிறேன். இருவரிடமும் 100 பெரிய பிளைண்டுகள் உள்ளன. எதிராளி 3 என்று எழுப்ப, நாம் 10 என்று எழுப்ப, அவர் 24 என்கிறார். நாம் மொத்தத்தையும் உள்ளே தள்ளுகிறோம். ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி, ஏஸ்-கிங் ஆகியவற்றோடு மட்டும் அவர் ஏற்றுக்கொள்வார் என்றால், அப்போது நம் வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ 39 சதவீதம். அவர் ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் சராசரியாகச் சுமார் 11 பிளைண்டுகளை இழக்கிறோம். அவர் வீசிவிட்டாலோ நடுவில் கிடக்கும் 35.5 பிளைண்டுகள் நமக்கு வந்துவிடுகின்றன. ஆகவே நான்கில் ஒரு முறை அவர் வீசினாலே போதும். இந்த ஆட்டத்தில் நட்டமில்லை. இப்போது நிலையைத் திருப்புவோம். நாம் 10 என்றதும் அவரே 100ஐயும் தள்ளிவிடுகிறார். அதே கைகள்தான் அவரிடம் இருக்கின்றன என்றால், 201.5 பிளைண்டுகள் கொண்ட பாட்டுக்காக நாம் இன்னும் 90 கட்ட வேண்டும். அதற்கு 45 சதவீத அளவுக்கு வெற்றி வாய்ப்பு தேவை. நம்மிடம் இருப்பதோ 39. அதே சீட்டுகள், அதே எதிராளி. தள்ளுவது லாபம், ஏற்பது நட்டம். ஏஸ்-கிங்கைப் பற்றி ஆட்டக்காரர்களிடையே ஓயாமல் நடக்கும் சண்டையில் பாதி, இந்த இரண்டு நிலைகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருவதே. இவ்வளவு தெளிவாக அதைப் பிரித்துக் காட்டியதற்காக ஆசிரியர் குழுவைப் பாராட்ட வேண்டும்.

ஜாக் ஜோடிக்கு ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. ஃப்ளாப்பில் ஜாக்கைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழும் வாய்ப்பு 57 சதவீதம் என்று சொல்லிவிட்டு, "கவனமாக ஆடுங்கள்" என்று முடித்துக்கொள்கிறார்கள். கவனம் என்பது எந்த அளவு பந்தயம், எந்த எதிராளிக்கு எதிராக, எந்த இருக்கையிலிருந்து என்பதையெல்லாம் கேட்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஃப்ளாப்புக்குப் பிந்தைய பகுதியை ஆர்வத்தோடு திறந்தவர்கள் ஏமாந்தே போவார்கள். பெரிய ஜோடிகளால் இழக்கும் பெருந்தொகை பெரும்பாலும் அங்கேதான் போகிறது. பாட்டின் அளவுக்கும் மீதமிருக்கும் ஸ்டாக்குக்கும் உள்ள விகிதம்தான் அந்த இடத்தில் வழிகாட்டி. 3 என்று எழுப்பிப் பெரிய பிளைண்டில் இருப்பவர் மட்டும் ஏற்றால், பாட்டில் 6.5 இருக்கும், பின்னால் 97 இருக்கும், விகிதம் 15. மறு எழுப்புதலாக 10 கட்டி, அதை எதிராளி ஏற்றிருந்தால் பாட்டில் 21.5, பின்னால் 90. விகிதம் 4 அளவு. இரண்டாவது நிலையில் ஏஸ் ஜோடியோடு முழு ஸ்டாக்கையும் வைப்பது பெரும்பாலும் சரி. முதல் நிலையில் ஒற்றை ஜோடியை நம்பி 97 பிளைண்டுகளையும் இழப்பது எளிதில் நேரக்கூடியது. செயலி இந்த விகிதத்தை ஒரு வாக்கியத்தில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோகிறது. பயிற்சிக் கேள்வி ஒன்றுகூட அதைப் பற்றி இல்லை.

சிறிய ஜோடிகளோடு ஏற்பவரைப் பற்றியும் இதே அலட்சியம்தான். ஃப்ளாப்பில் அவருடைய ஜோடி மூன்றாகும் வாய்ப்பு 11.8 சதவீதம், அதாவது எட்டரைக்கு ஒன்று. நம்முடைய 10ஐ ஏற்க அவர் இன்னும் 7 கட்டினால் போதும். அமைந்துவிட்டால் பாட்டையும் நம் ஸ்டாக்கையும் சேர்த்து 104 அளவுக்கு வெல்லலாம். நாம் எப்போதும் ஏஸ் ஜோடியை விட மாட்டோம் என்று தெரிந்த எதிராளிக்கு இது மிக மலிவான விலை. மறு எழுப்புதலைப் பெரிதாக்குவது, 9-8-6 போன்ற ஃப்ளாப்பில் அமைதியான எதிராளி திடீரென்று எழுப்பினால் நின்று யோசிப்பது ஆகிய இரண்டையும் இந்தக் கணக்கிலிருந்தே கற்பித்திருக்கலாம். எதிராளியின் கைகளை எண்ணுவதற்குக் குயின் ஜோடிப் பாடத்தில் அவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுத்தவர்கள், அந்தக் கருவியையே ஃப்ளாப்பில் கொண்டுவந்து பயன்படுத்தவில்லை என்பது புரியாத விஷயம்.

பயிற்சிக் கேள்விகளின் மதிப்பெண் முறையும் மாற வேண்டும். செயலியின் விடைகள், ஒவ்வொரு நிலைக்கும் சிறந்த ஆட்டத்தைக் கணக்கிடும் ஒரு தீர்வு மென்பொருளிலிருந்து எடுக்கப்பட்டவை. சில இடங்களில் அந்த மென்பொருள் 52 சதவீதம் எழுப்பு, 48 சதவீதம் ஏற்றுக்கொள் என்று கலந்தே விடை தருகிறது. இரண்டுக்கும் கிடைக்கும் ஆதாயம் ஏறத்தாழ ஒன்றே என்பதுதான் அதன் பொருள். செயலியோ பெரிய பக்கத்தை மட்டும் சரியென்று வைத்துக்கொண்டு, மற்றதைத் தேர்ந்தவருக்குச் சிவப்புக் குறியிட்டு மதிப்பெண்ணைக் கழிக்கிறது. ஒரு பிளைண்டில் நூறில் ஒரு பங்குகூட இழக்காத விடைக்கும், பத்துப் பிளைண்டுகளை வீணடிக்கும் விடைக்கும் ஒரே சிவப்பு. எது பெரிய பிழை என்பதைக் கற்பிக்காத மதிப்பெண் பலகையால் பயனில்லை.

இதோடு "கணித ரீதியாகக் குறையற்ற ஆட்டம்" என்ற விளம்பரமும் சேர்ந்துகொள்கிறது. 2015ஆம் ஆண்டில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இருவர் மட்டும் ஆடும், பந்தய அளவு வரையறுக்கப்பட்ட ஹோல்டம் ஆட்டத்தை நடைமுறைக்குப் போதுமான அளவு தீர்த்துக்காட்டினார்கள். பந்தயத்துக்கு உச்சவரம்பில்லாத ஆறு பேர் மேசை அப்படித் தீர்க்கப்படவில்லை. 2019இல் ப்ளூரிபஸ் என்ற நிரல் அந்த மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. வெல்வது வேறு, குறையற்ற தீர்வு வேறு. தவிரவும், இருவருக்கு மேற்பட்டவர்கள் ஆடும்போது, சமநிலை உத்தியை (யாரும் தான் மட்டும் மாற்றி ஆடி ஆதாயம் கூட்ட முடியாத ஆட்டமுறையை) பின்பற்றுபவர் நட்டப்பட மாட்டார் என்ற உறுதியைக் கோட்பாடே தருவதில்லை. செயலியின் விடைகளை நல்ல தோராயங்கள் என்று விளம்பரப்படுத்தினால் யாருக்கும் குறையில்லை.

தோராயம் எவருக்கு எதிரானது என்பதும் முக்கியம். தன்னைப் போலவே சமநிலையாக ஆடும் எதிராளியைக் கற்பனை செய்துகொண்டு மென்பொருள் விடை சொல்கிறது. மாலை முழுவதும் எழுப்பாமல் ஏற்றுக்கொண்டே இருந்த ஒருவர் திடீரென்று நம் மறு எழுப்புதலுக்கு மேலும் எழுப்பினால், குயின் ஜோடியை வீசிவிடுவது பெரும்பாலும் சரியான முடிவு. செயலியில் அதற்குச் சிவப்புதான் கிடைக்கும். மாறாக, எதை வேண்டுமானாலும் ஏற்பவர் எதிரே இருந்தால் ஏஸ் ஜோடிக்குப் பந்தயத்தை இரட்டிப்பாக்குவது நல்லது, அதற்கும் சிவப்பு. எதிராளியின் வகையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு சிறு வசதி இருந்தால் இந்தக் குறை பெருமளவு நீங்கும்.

தோல்வியைத் தாங்குவது பற்றிய குறும்பாடம் எதிர்பாராத விதத்தில் நன்றாக இருந்தது. 2014இல் உலக போக்கர் தொடரில், பத்து லட்சம் டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட பிக் ஒன் ஃபார் ஒன் ட்ராப் போட்டியில் கானர் ட்ரினன், கேரி காட்ஸ் ஆகிய இருவரிடமும் ஏஸ் ஜோடி இருந்தது. இருவரும் எல்லாவற்றையும் உள்ளே வைத்தார்கள். இத்தகைய மோதல் சுமார் 96 சதவீதம் சமனில் முடியும். ஒருவர் வெல்வது 2 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். அந்த 2 சதவீதம் காட்ஸ் பக்கம் விழுந்து, ட்ரினன் போட்டியிலிருந்தே வெளியேறினார். முடிவு கெட்டதால் ஆட்டம் கெட்டதாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். எதிர்ப்பக்க உதாரணமும் உலக போக்கர் தொடரிலேயே இருக்கிறது: 1976லும் 1977லும் டாயில் ப்ரன்சன் இறுதி ஆட்டத்தை 10-2 என்ற கையோடு வென்றார். அதனால் 10-2 நல்ல கை ஆகிவிடவில்லை. அதைச் செயலி சேர்த்திருந்தால் பாடம் இன்னும் முழுமையாகியிருக்கும்.

கணக்குக் கருவியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இணையத் தொடர்பு இல்லாமலும் இயங்குகிறது, தொகுதிகளை விரலால் தேய்த்தே தேர்ந்தெடுக்கலாம், விடை உடனே வருகிறது. இதே வேலையைச் செய்யும் இலவச மென்பொருள்கள் கணிப்பொறிக்கு உண்டு. ஆனால் பாடத்திலிருந்து நேரடியாகக் கருவிக்குள் அதே நிலையைத் திறக்கும் வசதி அவற்றில் இல்லை.

போட்டித் தொடர்களில் ஆடுபவர்கள் இதை வாங்க வேண்டாம். பாடங்கள் அனைத்தும் 100 பிளைண்டு ஸ்டாக்கை அடிப்படையாகக் கொண்டவை. 15 பிளைண்டுகள் மட்டுமே மீதமிருக்கும்போது ஜாக் ஜோடியும் ஏஸ்-கிங்கும் கேட்கும் கேள்விகள் முற்றிலும் வேறு. பரிசு எல்லைக்கு அருகில் சிப்களின் மதிப்பே மாறிவிடும். அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆட்டத்தின் விதிகளே தெரியாதவர்களுக்கும் இது உகந்ததல்ல. விதிகள் தெரிந்து, பணம் வைத்து ஆடும் மேசையில் பெரிய ஜோடிகள் வரும்போதெல்லாம் என்ன செய்வதென்று தடுமாறுபவர்களுக்கே இது பொருந்தும்.

வாங்க நினைப்பவர்கள் இலவசச் சோதனைக் காலத்தில் ஏஸ்-கிங், குயின் ஜோடிப் பாடங்களையும் கணக்குக் கருவியையும் முதலில் பார்த்துவிடுவது நல்லது. செயலியின் சிறந்த பகுதிகள் அவைதாம், சோதனைக் காலத்தில் அவை பூட்டப்படுவதும் இல்லை. சந்தா ஆண்டு முழுவதற்குமாக மட்டுமே கிடைக்கிறது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் தெரிவு இயல்பாகவே இயங்கு நிலையில் இருப்பதால், பதிவு செய்த அன்றே அமைப்புப் பக்கத்தில் அதை நிறுத்திவிடலாம். அப்படி நிறுத்தினாலும் சோதனைக் காலம் முடியும் வரை எல்லாப் பாடங்களும் திறந்தே இருக்கும்.